விழுந்தவர்களின் வரிசை

செவல்மேடு நகராட்சியில், சித்திரை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு, தண்ணீர்ப் பிரிவின் கம்ப்யூட்டர் அறைக் கதவைத் திறந்துகொண்டு வெளிர்நீலச் சட்டை போட்ட ஓர் ஆள் வெளியே வந்து, வாசலில் இருக்கும் டோக்கன் மெஷினில் ஒரு டோக்கன் எடுத்துக்கொண்டு, தாழ்வாரத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். ஆறு பத்துக்கு அதே சட்டையில் இன்னொருவர் வந்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆறே காலுக்கு மூன்றாமவர். இப்படி ஐந்து நிமிடத்துக்கு ஒருவராக மாலை ஆறு மணிவரை நூற்று நாற்பத்து நான்கு பேர் வந்து, பெஞ்சு போதாமல் தரையிலும், தரை போதாமல் சைக்கிள் ஸ்டாண்டிலும் வரிசை குலையாமல் உட்கார்ந்தார்கள். அந்த அறைக்கு ஒரே வாசல்தான். காலையில் உள்ளே யாரும் போகவில்லை. வாட்ச்மேன் வில்சன் ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொல்லிக் களைத்துப்போய், நூற்றுக்கு மேல் தலையை மட்டும் ஆட்டினார். "தண்ணிப் பிரிவுக்கு ஆள் எடுத்திருக்காக, நமக்கு ஒரு வார்த்தை சொல்லல பாத்தீகளா" என்று துப்புரவுப் பிரிவில் வருத்தப்பட்டார்கள். அதைத் தவிர அன்று வேறு கலவரம் இல்லை.

அவர்கள் யார் என்று ஊரிலேயே தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்ததைத்தான் இப்போது வரிசையாகச் சொல்லப்போகிறேன். நடுவில் என்னைத் திட்டத் தோன்றினால் திட்டிக்கொள்ளலாம், ஊர் ஏற்கெனவே திட்டி முடித்துவிட்டது.

என் பெயர் வெயிலுகந்தாள். ஊரில் கம்ப்யூட்டரம்மா. தண்ணீர்ப் பிரிவுக்குக் கம்ப்யூட்டர் வந்த வருஷம் என்னையும் ஒப்பந்தத்தில் எடுத்தார்கள், அதிலிருந்து நான் தரையில் நடக்கவில்லை. பத்து வார்டு, ஒரு நாளைக்கு ஒரு வார்டுக்குத் தண்ணீர். முன்பு ஆள் போய்த் திறந்துவிட்டதை நான் ஒரு புரோகிராமாக எழுதினேன். யார் கண்ணிலும் படாமல் அது பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்கும், காலை ஆறு மணிக்கு இன்றைக்கு எந்த வார்டு என்று பார்த்து அந்த வார்டின் வால்வைத் திறக்கும். சித்திரை வெயிலில் குழாயைச் சுற்றிக் குடங்களோடு நின்றவர்கள் "கம்ப்யூட்டரம்மா புண்ணியம்" என்று சொன்னது என் காதில் விழுந்தபோதெல்லாம் விழாத மாதிரி நடந்துபோவேன், உள்ளுக்குள் இனிக்கும்.

தை மாதத்தில், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த குடியிருப்பைப் பதினோராவது வார்டாகச் சேர்த்தார்கள். அங்கே மின்சார வால்வு பொருத்தவில்லை. ஆகவே முறை நாளில் புரோகிராம் அய்யாத்துரை அண்ணனின் போனுக்கு 'திறக்கவும்' என்று ஒரு மெசேஜ் அனுப்பும். ஒப்பந்தத்தில் இருபது வருஷமாக வால்வு திறந்துவந்த அவர், இடுப்பு உயர இரும்புச் சாவியைக் குழிக்குள் விட்டுத் திருகித் திறப்பார் என்று ஏற்பாடு. மெசேஜ் வராமல் எவரும் எந்த வால்வையும் தொடக்கூடாது என்று கமிஷனர் திலகராஜ் சுற்றறிக்கையே போட்டிருந்தார். அந்தச் சுற்றறிக்கையை அவருக்கு எழுதிக் கொடுத்ததும் நான்தான்.

பட்டியலில் பதினொன்றைச் சேர்த்தேன். ஆனால் அந்தப் பட்டியலுக்குப் பத்து இடம்தான் என்று ஆரம்பத்தில் நானே எழுதிவைத்திருந்ததை மறந்துவிட்டேன். பதினோராவது நாள் காலை புரோகிராம் பதினொன்றைத் தேடிப் போய், அங்கே கால் வைக்க இடமில்லாமல் விழும். விழுந்தால் எழுப்பிவிடுவதற்கென்று ஒரு கருவி வைத்திருந்தேன், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து, ஓடாவிட்டால் மறுபடி ஓடவிடும். எழுந்தது மறுபடி பதினொன்றுக்குப் போகும், மறுபடி விழும். மாலை ஆறு மணிக்கு அன்றைய முறை முடிந்துவிடும், அடுத்த நாள் ஒன்றாம் வார்டு, எல்லாம் சுகமாக ஓடும். விழும்போது அது ஏதாவது கத்துமே என்று கேட்கலாம். கத்தத்தான் செய்தது. எங்கள் தொழிலில் ஒரு குழி உண்டு, எதைப் போட்டாலும் நிறையாது, போட்டதைத் திருப்பி எடுக்கவும் முடியாது. புரோகிராம் சொல்வதை எல்லாம் அதில் போகும்படி நான் முதல் நாளே திருப்பிவிட்டிருந்தேன், படிக்கச் சோம்பல்பட்டு. கருவியைக் கேட்டால் எப்போதும் பச்சை விளக்கு, 'ஓடுகிறது'.

நான்கு மாதம் பதினோராவது வார்டுக்குத் தண்ணீர் போகவில்லை. தண்டவாளத்தைத் தாண்டி மூன்று கிலோமீட்டர் சைக்கிளில் குடம் கட்டி எடுத்து வந்தார்கள். அய்யாத்துரை மேட்டுத் தெருக்காரர்களுக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டுவிட்டார் என்று ஒரு பேச்சு கிளம்பி, பெருத்து, அவர் வீட்டு வாசலில் காலிக் குடங்களைக் கவிழ்த்து வைக்கிற அளவுக்குப் போனது. விசாரணை வைத்தார்கள். "மெசேஜ் போனதா?" என்று கமிஷனர் என்னைக் கேட்டார். நான் பச்சை விளக்கைப் பார்த்துவிட்டு, "போயிருக்கு சார்" என்றேன். அய்யாத்துரை அண்ணனை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. சாவியை ஒப்படைக்கச் சொன்னார்கள், கொண்டுவந்து என் அறை மூலையில் சாய்த்து வைத்துவிட்டு, "வாரேன் கம்ப்யூட்டரம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். பதினோராவது வார்டுக்கு இனி லாரி என்று முடிவானது, அந்த லாரியும் நினைத்தால் வரும்.

அன்று சாயங்காலமே எனக்கு உறுத்தியது. குழிக்குப் போகிற வழியை அடைத்துவிட்டுப் பார்த்தேன். பத்து இடம். ஒரு நிமிட வேலை, பத்தைப் பதினொன்றாக்கினால் போதும். ஆனால் யார் மாற்றியது, எந்தத் தேதியில் மாற்றியது என்று அந்தக் கோப்பு தானாகவே எழுதிவைத்துக்கொள்ளும், மாவட்டத்திலிருந்து மாதாமாதம் ஒருவர் வந்து அதைப் படித்துவிட்டுப் போவார். அந்தத் தேதி, அய்யாத்துரை அண்ணன் சாவியை வைத்துவிட்டுப் போன தேதியாக இருக்கும். விஷயம் கொஞ்சம் ஆறட்டும் என்று நினைத்தேன். வழியை மறுபடி குழிக்கே திருப்பிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். சாப்பிட முடிந்தது, அதைச் சொல்லத்தான் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அதற்கு அடுத்த பதினோராவது வார்டு முறைதான் அந்த வெள்ளிக்கிழமை.

எங்கள் கம்ப்யூட்டரை ஓட்டுகிற மென்பொருள் யூனிக்ஸ் வம்சம். அந்த வம்சத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒன்றைத் தொடங்கிவைத்தவர்தான் அதைப் பெற்றவர். அது விழுந்துவிட்டால் பெற்றவர் வந்து, எப்படி விழுந்தாய் என்று கேட்க வேண்டும். கேட்கும்வரை அது போகாது. விழுந்தது வேலை செய்யாது, சாப்பிடாது, இடத்தையும் அடைக்காது, தனக்குக் கொடுத்த எண்ணை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு பட்டியலில் உட்கார்ந்திருக்கும். பெற்றவரே போய்விட்டால், எல்லாருக்கும் மூத்தவர் ஒருவர் இருக்கிறார், அவர் வந்து அத்தனையையும் ஒரே மூச்சில் கேட்டு அனுப்பிவிடுவார், ஆனால் பதிலைக் காதில் வாங்கமாட்டார். இந்த வழக்கம் பெட்டிக்கு உள்ளேதான் இருந்தது, அந்த வெள்ளிக்கிழமை வெளியே வந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஊருக்கு அவர்கள் ஒரு வாரத்தில் பழகிவிட்டார்கள். டீக்கடையிலிருந்து முதல் நாள் எல்லாருக்கும் டீ போனது, குடிக்காமல் ஆறிப்போனதும் அடுத்த நாள் நிறுத்திவிட்டார்கள். மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றியபோது மறக்காமல் ஓர் அண்டா இங்கே அனுப்பினார்கள், அதையும் அவர்கள் தொடவில்லை, துப்புரவுப் பிரிவு குடித்தது. இரண்டு கட்சிக்காரர்கள் அவர்களைக் கூட்டத்துக்கு அழைத்துப்போகப் போட்டிபோட்டு, எழுப்ப முடியாமல் திரும்பினார்கள். வில்சன் வெயில் படுகிறது என்று சாமியானா கட்டவைத்தார். வரி கட்ட வந்த பெண்கள் கைக்குழந்தையை அவர்கள் மடியில் வைத்துவிட்டு உள்ளே போய்வந்தார்கள், குழந்தைகள் அழவில்லை. என்ன வேண்டும் என்று யார் கேட்டாலும் அவர்கள் ஒரே பதில் சொன்னார்கள்: "எங்களக் கேக்கணும்." "நாங்கதான் கேக்குறோமேப்பா" என்றால், "நீங்க இல்ல. பெத்தவுக."

இன்னொன்றும் நடந்தது. அவர்கள் எல்லாருக்கும் ஒரே காது. மடல் அகலமாகி, நுனி சற்றே முன்பக்கம் மடிந்த காது. எங்கள் வீட்டில் அப்பாவுக்கும் எனக்கும் மட்டும் இருக்கிற காது. பூ விற்கிற அம்மா அதைப் பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டரம்மா சாடை தெரியுதே, ஒங்க சொந்தமா?" என்று வெள்ளந்தியாகக் கேட்டாள். மறுநாளிலிருந்து நான் துப்பட்டாவால் காதை மூடிக்கொண்டு வந்தேன். நான் தாழ்வாரத்தில் நடந்தால் நூற்று நாற்பத்து நான்கு தலைகளும் ஒன்றாகத் திரும்பும், ஒன்றும் சொல்லமாட்டார்கள், பார்ப்பார்கள். பின்பக்கத்துச் சந்து வழியாக, குப்பை வண்டிகளுக்கு நடுவில் புகுந்து, ஜன்னல் பக்கத்துச் சிறு கேட்டைத் திறந்து, பெஞ்சுகளைத் தாண்டாமல் அறை வாசலுக்கு வர ஆரம்பித்தேன். அந்தச் சந்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு காலையில், எனக்கு இது வேண்டும்தான் என்று தோன்றியது. தோன்றியதோடு சரி.

அடுத்த முறை நாளில் இன்னொரு நூற்று நாற்பத்து நான்கு பேர், அதற்கடுத்த முறையில் இன்னும் அத்தனை பேர். எங்கள் நகராட்சியில் எல்லாவற்றுக்கும் ஒரே டோக்கன் மெஷின்தான்; பிறப்புக்கும் அதுதான், இறப்புக்கும் அதுதான், கம்ப்யூட்டருக்குள் நுழைய நானும் அதில்தான் எண் எடுக்க வேண்டும். வேலை முடிந்தவர் டோக்கனைப் பெட்டியில் போட்டால்தான் அந்த எண் மறுபடி சுற்றுக்கு வரும். இவர்கள் போடவில்லை. காலையில் வரி கட்ட முதல் ஆளாக வந்தவருக்கும் நானூற்றுக்கு மேல்தான் டோக்கன் வந்தது. கமிஷனர் கூட்டம் போட்டார். பொருள்: விழுந்த புரோகிராம்களைக் கவனித்துக்கொள்ள வேறு கருவி தேர்ந்தெடுத்தல்.

ஊரே வந்தது. விழுந்தவர்கள் ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்து கேட்டார்கள். நான் மூன்று கருவிகளைச் சொன்னேன், கூட்டம் முடிவதற்குள் ஊர் அவற்றுக்குப் பெயர் வைத்துவிட்டது. முதலாவது, இப்போது இருப்பது, எட்டிப்பார்ப்பான். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் வரும், நடுவில் வீடு பற்றி எரிந்தாலும் அதற்குத் தெரியாது. இரண்டாவது, கைப்பிடிச்சான், புரோகிராமைப் பக்கத்திலேயே வைத்துக் கையைப் பிடித்திருக்கும், விழுந்த நொடியே தூக்கிவிடும், எத்தனை முறை என்றாலும் முகம் சுளிக்காது. மூன்றாவது, பெரியவீட்டுக்காரர், கம்ப்யூட்டர் கண் விழிக்கும்போதே கூட விழிப்பவர், எல்லாவற்றுக்கும் முறை வைத்திருப்பவர், ஆனால் ஐந்து தடவை அடுத்தடுத்து விழுந்தால் இனி எழுப்பமாட்டேன் என்று கையை எடுத்துவிட்டு, சிவப்பு விளக்கைப் போட்டு, எதனால் விழுந்தது என்பதை ஒன்று விடாமல் எழுதியும் வைத்துவிடுவார்.

கடைசியாகச் சொன்னதை நான் கூட்டத்தில் சொல்லவில்லை. "அஞ்சு தடவையோட கைவிட்டுரும்" என்று மட்டும் சொன்னேன்.

"அஞ்சு தடவை விழுந்தவனைக் கைவிட்டா அது என்ன பெரியவீடு?" என்றார் டீக்கடைக்காரர். "பிள்ளை நடக்கப் பழகுறப்ப எத்தன தடவ விழுது!" கூட்டம் கைதட்டியது. கைப்பிடிச்சானே ஊருக்குப் பிடித்துப்போனது. அப்போதுதான் பதினோராவது வார்டிலிருந்து வந்திருந்த சண்முகக்கனி அக்கா எழுந்தார். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இட்லிக் கடை வைத்திருப்பவர், நாலு மாதமாகச் சைக்கிள் மிதித்தே மாவு கரைத்தவர்.

"எனக்கு ஒண்ணுதான் தெரியணும் கம்ப்யூட்டரம்மா. விழுந்தா தூக்கிவிடுறது சரி. ஏன் விழுந்தன்னு கேக்குறது இதுல எது?"

ஜன்னலுக்கு வெளியே நானூற்று முப்பத்திரண்டு தலைகள் நிமிர்ந்தன.

"மூணும் மெஷின்தானக்கா" என்றேன். "மெஷின் அதெல்லாம் கேக்காது."

 படித்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அக்கா உட்கார்ந்துவிட்டார். நான் வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், எல்லாம் மறந்துபோயிற்று, அந்த அக்கா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தது மட்டும் போகவில்லை.

கைப்பிடிச்சானை வைத்தேன். உடனே எழுப்பு என்று எழுதினேன், எத்தனை முறை என்பதற்கு எல்லை வைக்கவில்லை, சொல்வதை எல்லாம் குழியில் போடு என்று மறுபடி எழுதினேன். ஆட்கள் வெளியே வருவதற்குள் தூக்கிவிட்டால் வரமாட்டார்கள் என்று கமிஷனரிடம் சொன்னேன், எனக்கே பாதி நம்பிக்கை இருந்தது. தப்பைத் திருத்துவதைத் தவிர மீதி எல்லா வேலையையும் அத்தனை சுறுசுறுப்பாகச் செய்தேன்.

அடுத்த பதினோராம் நாள் புதன்கிழமை. ஆறு மணிக்குக் கதவு திறந்தது, பிறகு மூடவே இல்லை. நொடிக்கு ஒருவர். சினிமா விட்ட மாதிரி வந்தார்கள், ஆனால் தள்ளுமுள்ளு இல்லை, ஒவ்வொருவரும் நின்று டோக்கன் எடுத்து, வரிசையின் கடைசியைத் தேடிப் போய் உட்கார்ந்தார்கள். ஒன்பது மணிக்குள் பத்தாயிரம் பேர், வரிசை பஸ் ஸ்டாண்டைச் சுற்றி, தீப்பெட்டி ஆபீஸ் வாசல் வழியாக, மேட்டுத் தெரு ஏறி இறங்கி, தண்டவாளத்தைத் தாண்டிப் பதினோராவது வார்டுக்குள் போய்விட்டது. பஸ்ஸை வேறு வழியில் திருப்பினார்கள். பள்ளிக்கூடத்தில் மத்தியானத்தோடு விட்டார்கள். வீட்டு வாசலில் உட்கார்ந்தவர்களுக்கு ஆளாளுக்குப் பழைய சாக்கும் பாயும் விரித்தார்கள், "நகந்து உக்காருங்க தம்பி, கோலம் அழியுது" என்று ஓர் அம்மா சொன்னதும் வரிசை முழுக்க ஒரு சாண் நகர்ந்தது. எல்லாருக்கும் என் காது. அன்றைக்கு நான் துப்பட்டாவை எடுத்துவிட்டேன், இனி மூடி என்ன.

மூன்று மணிக்கு டோக்கன் மெஷின் நின்றது. முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தேழு. அதற்கு மேல் அதில் எண் கிடையாது. கதவும் அத்தோடு சாத்திக்கொண்டது, எண் இல்லாமல் எதுவும் பிறக்க முடியாது என்பதால் விழுவதற்கும் ஒன்றும் இல்லை. நாளைக்கு ஒன்றாம் வார்டைத் திறக்கவும் எண் இல்லை. அறைக்குள் போய்க் கம்ப்யூட்டரைத் தொட எனக்கு எண் இல்லை. சண்முகக்கனி அக்கா பிறந்து நான்கு நாளான பேத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு பெயர் பதிய வந்து, மெஷினைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு வில்சனிடம் கேட்டார்: "அப்ப எம்பேத்தி பொறந்ததா இல்லியா?" வில்சன் ஒரு பிஸ்கட் அட்டையைக் கிழித்துப் பேனாவால் அடுத்த எண்ணை எழுதி நீட்டினார், அக்கா மெஷின் எண்தான் வேண்டும் என்றார். அந்த அட்டையை வில்சன் மெஷின் மேலேயே வைத்துவிட்டுப் போனார், பிறகு அதை யார் எடுத்தார்கள் என்று யாரும் கவனிக்கவில்லை.

கமிஷனர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். நல்ல மனிதர், குரலை உயர்த்தவில்லை. "நீங்கதான ஒருதடவை சொன்னீங்க, பெத்தவங்க போயிட்டா மூத்தவங்க மொத்தமா அனுப்பிரலாம்னு. ஒரு ராஜினாமா எழுதுங்க. நான் ஒரே கையெழுத்துல எல்லாரையும் அனுப்பிருவேன். அவங்களும் ஒண்ணும் சொல்ல வேண்டாம், நாமளும் ஒண்ணும் கேக்க வேண்டாம். உங்க பேரும் கெடாது, வேற ஊர்ல நல்ல வேலை கிடைக்கும்."

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது, அல்லது தெரிந்துகொள்ள வேண்டாம் என்று முடிவு செய்திருந்தார். காகிதம் வாங்கிக்கொண்டு என் அறை வாசலுக்கு வந்து, உள்ளே போகாமல், கதவு நிலையில் வைத்து எழுதினேன். சொந்தக் காரணங்களுக்காக என்று எழுதினேன். கையெழுத்துப் போடும் இடம் வந்தபோது, கதவுக் கண்ணாடி வழியாக மூலையில் சாவி தெரிந்தது. இரும்பு உள்ளங்கையை அறுக்காமல் இருக்க, அய்யாத்துரை அண்ணன் அதன் பிடியில் பழைய வேட்டிக் கிழிசலைச் சுற்றிக் கட்டியிருந்தார். கிழிசல் சுத்தமாக இருந்தது. ஒப்படைப்பதற்கு முந்தின நாள் துவைத்திருக்கிறார். துவைத்து, மறுபடி கட்டிக் கொண்டுவந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும், வரவில்லை. காகிதத்தைக் கசக்கினேன்.

வெளியே போய், முதல் பெஞ்சில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தவர் எதிரே தரையில் உட்கார்ந்தேன். ஒரு மாதமாக நான் சந்து வழியாக வந்ததெல்லாம் இவர் முகத்தைப் பார்க்காமல் இருக்கத்தான். சுற்றிலும் ஊர் நின்றது.

"எப்படி விழுந்தீங்க?" என்று கேட்டேன்.

அவர் முகம் தெளிந்தது. வீதி முழுவதும் கேட்கிற குரலில் சொன்னார்: "பதினோராவது வார்டுக்கு எடம் வைக்கல. மெசேஜ் போகல." எழுந்தார், டோக்கனைப் பெட்டியில் போட்டார், வேப்பமரத்தைத் தாண்டி நடந்தார், மரத்துக்கு அந்தப் பக்கம் அவர் இல்லை.

சண்முகக்கனி அக்கா, "மெசேஜ் போகலியா?" என்றார். "அப்ப அய்யாத்துரை?"

"அவர் பேர்ல தப்பே இல்லக்கா. நான்தான். அன்னைக்கே எனக்குத் தெரியும்."

அக்கா பேத்தியைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அவரு வீட்டு வாசல்ல மொதக் கொடத்தைக் கவுத்தது நாந்தான்" என்றார். அதற்கு மேல் என்னிடம் பேசவில்லை, இன்றுவரை பேசவில்லை.

பெட்டியில் விழுந்த முதல் எண்ணை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் பத்தைப் பதினொன்றாக்கினேன். என் பெயரும் தேதியும் அதில் ஏறின. வெளியே வந்து இரண்டாமவரைக் கேட்டேன், அவர் போட்ட எண் குழந்தைக்குப் போனது. பிறகு மூன்றாமவர் எதிரே வந்து உட்கார்ந்தேன்.

ஆறு நாள் ஆயிற்று. காலை முதல் மாலைவரை, ஒவ்வொருவராக, முகத்தைப் பார்த்து, எப்படி விழுந்தீங்க என்று கேட்டேன், ஒவ்வொருவரும் அதே குரலில் அதே பதிலைச் சொன்னார்கள். மொத்தமாகக் கேட்டால் ஒருவரும் அசையவில்லை. முதல் நாள் ஊர் நின்று கேட்டது. இரண்டாம் நாள் குழந்தைகள் வாய்ப்பாடு மாதிரி கூடவே சொன்னார்கள், நான் கேட்க, அவர்கள் சொல்ல, பிள்ளைகள் சொல்ல. மூன்றாம் நாள் தறி ஓட்டுகிற வீடுகளிலும் இட்லிக் கடையிலும் அந்த வாக்கியம் கேட்டதாகச் சொன்னார்கள், மாவு அரைக்கும்போது தாளத்துக்கு நன்றாக வருகிறதாம். வரிசை குறையக் குறைய நான் தெருத் தெருவாக நகர்ந்தேன், மேட்டுத் தெருவில் என்னைத் திட்டினார்கள், பஸ் ஸ்டாண்டில் மோர் கொடுத்தார்கள், இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தது. ஊர் எல்லாவற்றுக்கும் பழகிவிடுகிறது. நான் பழகவில்லை. இருபதாயிரமாவது ஆள் சொன்னபோதும் முதல் ஆள் சொன்னபோது எரிந்த இடத்திலேயே எரிந்தது.

கமிஷனர் அய்யாத்துரை அண்ணனுக்கு வேலையைத் திரும்பக் கொடுக்கும் கடிதத்தை இரண்டாம் நாளே கையெழுத்துப் போட்டு வில்சனிடம் கொடுத்தனுப்பினார். வீடு பூட்டிக் கிடக்கிறது, பகலில் ஆள் இருப்பதில்லை என்று வில்சன் தினமும் திருப்பிக் கொண்டுவந்தார். ஊரைவிட்டே போய்விட்டார் என்று நினைத்தேன். நேரில் பார்க்க வேண்டியதில்லை என்று எனக்குள் ஓரத்தில் ஓர் ஆறுதல் வந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

ஆறாம் நாள் பிற்பகலில் தண்டவாளத்தைத் தாண்டி, பதினோராவது வார்டின் வால்வுக் குழி அருகே வரிசை முடிந்தது. முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தேழாமவர் பதிலைச் சொல்லிவிட்டு, வில்சன் தூக்கிவந்திருந்த பெட்டியில் டோக்கனைப் போட்டுவிட்டு, கருவேல மரத்துக்கு அந்தப் பக்கம் இல்லாமல் போனார். நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். அவருக்குப் பின்னால் இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். சட்டை நீலம் இல்லை. காது என் காது இல்லை. கையில் பிஸ்கட் அட்டைத் துண்டு, அதில் வில்சன் கையெழுத்தில் முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தெட்டு.

"அண்ணே" என்றேன். "நீங்க ஏன் வரிசைல... முன்னாடியே வந்திருக்கலாமே."

"எல்லாரும் வரிசைலதானம்மா வந்தாக" என்றார் அய்யாத்துரை அண்ணன்.

காத்திருந்தார். எனக்குப் புரிய நேரமாயிற்று. மறுபடி தரையில் உட்கார்ந்தேன். ஆறு நாளாக வாய் தானாகச் சொன்ன கேள்வி இவருக்குச் செல்லாது.

"என்ன நடந்துச்சுண்ணே?"

"பதினோரு நாளைக்கு ஒருக்கா காலைல ஆறு மணிக்கே இங்க வந்துருவேன்" என்றார். "சாவியக் குழிக்குள்ள மாட்டி, ஒரு கைய அது மேல வச்சுக்கிட்டு, ஒரு கைல போனப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். வந்த ஒடனே திருகணும்ல. பொம்பளைக கொடத்தோட சுத்தி நிப்பாக. மெசேஜ் வரலம்பேன். அனுப்பியாச்சுன்னு ஆபீஸ்ல சொல்றாகளேம்பாக. சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் உக்காந்திருந்துட்டுப் போவேன். நாலு மாசம்." அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துருச்சு கம்ப்யூட்டரம்மா. வந்த மெசேஜ நாந்தான் கை பட்டு அழிச்சிட்டனோன்னு. எழுதப் படிக்கத் தெரியாதவன் பாருங்க. நீங்க போயிருக்குன்னு சொன்ன பெறகு, நாந்தான் அழிச்சேன்னே இருந்துட்டேன்."

அட்டையைப் பெட்டியில் போட்டார். மற்றவர்கள் போட்டதும் போய்விட்டார்கள். இவர் போகவில்லை. அங்கேயே, எனக்கு எதிரே, பதினோராவது வார்டின் வெயிலில் உட்கார்ந்திருந்தார், நானும் எழுந்து போக முடியாமல் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.